வாடகைக்காரனுக்கு எதுக்கு பெஞ்ச்?

"நமக்கெதுக்குங்க வம்பு? வாடகை வீட்டுல இருக்கோம்."

பெங்களூரு வந்து பதினாறு வருஷம் ஆகிறது. இத்தனை வருஷத்தில் நம்மாட்களிடம் நான் அதிகம் கேட்ட வசனம் இதுதான். தண்ணி வரலையா, தெருவிளக்கு எரியலையா, குப்பை வண்டி வரலையா, எல்லாத்துக்கும் இதே பதில். சரி, போகட்டும் என்று இருந்தேன். ஆனால் இந்தத் தடவை விஷயம், நம் வீட்டுப் பெரியவர்கள் சாயங்காலம் உட்காரும் இடம். அதனால் கொஞ்சம் காரமாகவே எழுதப் போகிறேன். திட்டுகிறவர்கள் தாராளமாகத் திட்டலாம்.

எங்கள் லேஅவுட் பூங்காவில் 'மக்கள் கூடும் இடம்' ஒன்று கட்டப் போகிறார்கள். நல்ல காரியம். அதற்காகக் குடியிருப்போர் சங்கம் மக்கள் கருத்துக் கேட்பு நடத்தியது. அதுவும் நல்ல காரியம். எப்போது? புதன்கிழமை காலை 11 மணிக்கு. எங்கே? சங்க நிர்வாகி ஒருவர் வீட்டு மாடியில். யாருக்குத் தகவல்? வீட்டுச் சொந்தக்காரர்கள் மட்டும் இருக்கிற வாட்ஸப் குழுவுக்கு, இங்கிலீஷில். வரைபடம்? ஏற்கெனவே தயார். நடுவில் நீரூற்று, சுற்றி அரைவட்டமாக கிரானைட் படிக்கட்டு, ஓரத்தில் செல்பி எடுக்க 'ஐ லவ்' போட்ட பெரிய எழுத்து. வந்தவர்களிடம் கேட்கப்பட்ட கேள்வி: கிரானைட் கறுப்பா, சிவப்பா?

முகூர்த்தம் குறித்து, மண்டபம் பிடித்து, பத்திரிகையும் அடித்துவிட்டு, கடைசியில் பொண்ணிடம் வந்து "மாப்பிள்ளை பிடிச்சிருக்காம்மா?" என்று கேட்கிற கதைதான் இது.

எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? எங்கள் ஹவுஸ் ஓனர் நல்ல மனுஷர். தகவலை எனக்கு அனுப்பி வைத்தார். அரை நாள் லீவ் போட்டுப் போனேன். "நீங்க டெனன்ட் தானே சார், ஓனரை வரச் சொல்லுங்க" என்றார்கள். ரொம்ப மரியாதையாகச் சொன்னார்கள், அதில் குறை சொல்ல முடியாது. காபி கூடக் கொடுத்தார்கள் :-)

இப்போது முக்கியமான கேள்விக்கு வருவோம். அந்தப் பூங்காவுக்கு யார் வருகிறார்கள்?

காலை ஆறு மணிக்கு ஷூ மாட்டிக்கொண்டு சுற்றுகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு நடைபாதை இருக்கிறது, அது போதும். எட்டு சுற்று சுற்றிவிட்டுப் போய்விடுவார்கள். உட்காருகிறவர்கள் வேறு. மத்தியானம் இரண்டு வீட்டு வேலைக்கு நடுவில் டிபன் டப்பாவைத் திறக்கும் அக்காமார்கள். அதில் பாதிப் பேர் பேசுவது தமிழ், மீதிப் பேர் வட கர்நாடகக் கன்னடம். நைட் டூட்டி முடித்த செக்யூரிட்டிக்காரர்கள். ஆர்டர் வரும்வரை பைக்கை ஓரம் கட்டிவிட்டு நிற்கும் டெலிவரிப் பையன்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல், பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஊரிலிருந்து வரவழைக்கப்பட்ட பாட்டிகள், தாத்தாக்கள்.

இந்தக் கடைசி ஆட்களைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நம்ம அம்மா, மாமியார்தான் அவர்கள். ஊரில் வாசலில் உட்கார்ந்தால் தெருவே வந்து பேசிவிட்டுப் போகும். இங்கே நாலாவது மாடியில், கதவைச் சாத்தினால் டிவிதான் துணை. கன்னடம் தெரியாது, இந்தி தெரியாது, லிஃப்டில் தனியாக இறங்கப் பயம். அவர்களுக்கு ஒரு நாளில் இன்னொரு மனுஷியிடம் வாய்விட்டுப் பேசக் கிடைப்பது அந்த ஒரு மணி நேரம். உட்கார இடமில்லாமல் மழைநீர்க் கால்வாயின் கட்டைச் சுவரில் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். முட்டி வலிக்காரர்கள் அதிலிருந்து எழுந்திருக்க ஒருவர் கையை ஒருவர் பிடித்து இழுக்க வேண்டும். இவர்களுக்குத் தேவை முதுகு சாய்க்கிற மாதிரி, கைப்பிடி வைத்த, எதிரெதிராகப் போட்ட நாலு பெஞ்ச். கொஞ்சம் நிழல். பக்கத்தில் பேரன் விளையாடுவது கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஒரு கக்கூஸ். அவ்வளவுதான். வெயிலில் அடுப்பாகிவிடும் கிரானைட் படிக்கட்டில், பிடிமானம் இல்லாமல், எழுபது வயசு அம்மா எப்படி ஏறி உட்காருவார்? வரைபடம் போட்டவரின் அம்மா உட்காருவாரா?

இதெல்லாம் நான் கண்டுபிடித்த தத்துவம் இல்லை. அமெரிக்காவில் ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன் என்ற அம்மையார் 1969-லேயே மக்கள் பங்கேற்பை எட்டுப் படி உள்ள ஓர் ஏணியாகப் பிரித்து எழுதினார். கீழ் இரண்டு படிகள் வெறும் ஏமாற்று. அடுத்த மூன்று, கேட்பது போலக் காட்டிக்கொள்ளும் சடங்கு. மேலே உள்ள மூன்றில்தான் முடிவெடுக்கும் அதிகாரம் ஜனங்கள் கைக்கு வரும். எங்கள் சங்கம் எந்தப் படியில் நிற்கிறது என்று நீங்களே சொல்லுங்கள். ஏணியைத் தொட்டதாகவே எனக்குத் தெரியவில்லை.

வில்லியம் வைட் என்பவர் நியூயார்க்கின் சின்னச் சின்னப் பொதுவெளிகளில் கேமராவை வைத்து, ஜனங்கள் எங்கே உட்காருகிறார்கள் என்று பார்த்தார். 1980-ல் புத்தகமாக வந்தது. அவர் கண்டுபிடித்ததில் தலையாயது என்ன தெரியுமா? உட்கார இடம் இருக்கிற இடத்தில்தான் ஜனங்கள் உட்காருகிறார்கள்! இதற்கு எதுக்கு ஆராய்ச்சி என்று சிரிக்காதீர்கள். நீரூற்று கட்டுகிறவர்களுக்கு இது இன்னும் புரியவில்லையே.

வியன்னாவில் இன்னொன்று நடந்தது. 1990-களில் அங்கே கணக்கெடுத்தபோது, ஒன்பது, பத்து வயசைத் தாண்டியதும் பெண் பிள்ளைகள் பூங்காவுக்கு வருவது சட்டென்று குறைவது தெரிந்தது. காரணம், இருந்த இடத்தையெல்லாம் பையன்கள் பந்தோடு பிடித்துக்கொண்டார்கள். பிறகு இரண்டு பூங்காக்களைத் திருத்தி அமைத்தார்கள். கூடுதல் நடைபாதை, பெண் பிள்ளைகளும் ஆடுகிற வாலிபால், பாட்மிண்டன் இடம், பெரிய வெளியைச் சின்னச் சின்னதாகப் பிரிப்பது, இவ்வளவுதான் செய்தார்கள். பெண் பிள்ளைகள் திரும்ப வந்தார்கள். பெரிய பணம் இல்லை. யார் வரவில்லை, ஏன் வரவில்லை என்று முதலில் கேட்டார்கள், அதுதான் விஷயம்.

வெளிநாட்டுக் கதை எதுக்கு, நம்ம ஊர் சுமைதாங்கிக் கல்லைப் பாருங்கள். இரண்டு கல்லை நட்டு மேலே ஒரு கல்லைப் படுக்க வைத்திருப்பார்கள். தலைச்சுமையோடு நடந்து வருகிறவர், யார் உதவியும் இல்லாமல், குனியாமல், சுமையை அதன்மேல் இறக்கி வைத்து, திரும்பத் தூக்கிக்கொள்ளலாம். கர்ப்பத்தோடு இறந்த பெண்களின் நினைவாக வைப்பது வழக்கம். யாருக்காக வைக்கிறோம், அவர் உயரம் என்ன, அவர் கை எவ்வளவு தூரம் போகும் என்று தெரிந்து வைத்த கல் அது. அந்த அறிவு நம்மிடம் இருந்தது. இன்றைக்கு கம்ப்யூட்டரில் முப்பரிமாண வரைபடம் போடுகிறோம், அதில் நடமாடும் பொம்மை மனிதர்களில் ஒரு கிழவி கூட இல்லை.

சரி, டெனன்ட்டுக்கு உரிமை உண்டா? சட்டத்தைப் பார்ப்போம். 1992-ல் நிறைவேறி 1993-ல் அமலுக்கு வந்த 74-வது அரசியல் சட்டத் திருத்தம், நகராட்சிகளிடம் ஒப்படைக்கக்கூடிய 18 பணிகளைப் பட்டியல் போடுகிறது. பூங்கா, தோட்டம், விளையாட்டுத் திடல் அதில் 12-வது. மூன்று லட்சம் ஜனத்தொகைக்கு மேல் உள்ள நகரங்களில் வார்டு கமிட்டி வேண்டும் என்கிறது. வீட்டுப் பத்திரம் வைத்திருப்பவர்தான் ஜனங்கள் என்று எங்கேயும் சொல்லவில்லை. பெங்களூரில் 2020 செப்டம்பரில் மாநகராட்சி மன்றத்தின் காலம் முடிந்து, தேர்தலே இல்லாமல் வருஷங்கள் ஓடின. 2025 செப்டம்பரில் மாநகராட்சி ஐந்தாகப் பிரிந்தது. கவுன்சிலர் இல்லாத அந்தக் காலத்தில்தான் சங்கங்கள் ஜனங்களின் குரலாகத் தங்களை நியமித்துக்கொண்டன.

பூங்கா விஷயத்தில் இந்த ஊருக்கு ஒரு பெருமை உண்டு, தெரியுமா? ராஜ்மஹால் விலாஸ் எக்ஸ்டென்ஷனில் பூங்காவுக்கென்று ஒதுக்கிய இடத்தை 1976-ல் அரசு ஒரு தனியார் மருத்துவ அறக்கட்டளைக்கு ஆஸ்பத்திரி கட்டக் கொடுக்க உத்தரவு போட்டது. அந்தப் பகுதி ஜனங்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 1991-ல் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. பூங்காவை இழந்தால் பாதிக்கப்படுவது அங்கே வசிக்கிறவர்கள், ஆகவே வழக்குப் போடும் உரிமை அவர்களுக்கு உண்டு என்றது. 'வசிக்கிறவர்கள்' என்ற சொல்லைக் கவனியுங்கள் மக்களே. நாமும் வசிக்கிறோம். ஓனர் கட்டும் சொத்து வரி எங்கிருந்து வருகிறது? மாசம் ஒண்ணாம் தேதி நாம் அனுப்பும் வாடகையிலிருந்துதானே.

இனி வழக்கமான எதிர்வாதங்கள்.

"எல்லாரையும் கேட்டா ஆளுக்கொண்ணு சொல்லுவாங்க, வேலை நடக்காது." ஆளுக்கொன்றுதான் சொல்வார்கள். கல்யாண வீட்டிலும் ஆளுக்கொன்று சொல்கிறார்கள், கல்யாணம் நிற்கிறதா? எதை ஏற்றோம், எதை ஏற்கவில்லை, ஏன் என்று ஒரு தாளில் எழுதி பூங்கா கேட்டில் ஒட்டினால் போதும். ஜனங்கள் நியாயமான 'இல்லை'யை ஒத்துக்கொள்வார்கள். காரணம் சொல்லாத 'இல்லை'தான் எரிச்சல்.

"பெஞ்ச் போட்டா கண்டவன் வந்து படுப்பான்." அந்தக் 'கண்டவன்' ராத்திரி முழுக்க உங்கள் காரைக் காவல் காத்தவன் சார். பகலில் அரைமணி கண்ணயர்ந்தால் என்ன குடிமுழுகிப் போகும்? ஆள் புழங்கும் பூங்காதான் பாதுகாப்பான பூங்கா. ஆளே வராமல் பூட்டி வைத்த மூலையில்தான் பாட்டில் உடையும்.

"அழகா இருக்கணும்ல?" இருக்கட்டும். நீரூற்றுக்கு மோட்டார், கரண்ட், தண்ணி, பார்த்துக்கொள்ள ஆள், எல்லாம் வேண்டும். போர்வெல் வற்றி லாரித் தண்ணிக்கு 2024 கோடையில் இந்த ஊர் பட்ட பாடு அதற்குள் மறந்துவிட்டதா?

என்னதான் செய்யணும்கிறே என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

1. வேலை இன்னும் ஆரம்பிக்கவில்லை. அதற்குள் இரண்டு ஞாயிற்றுக்கிழமை பூங்காவிலேயே, சாயங்காலம் ஐந்து மணிக்கு, வரைபடத்தை மரத்தில் கட்டித் தொங்கவிடச் சொல்லுங்கள்.

2. கன்னடம், தமிழ், தெலுங்கு, இந்தி, இங்கிலீஷ் ஐந்திலும் கேட்க ஆள் வேண்டும். எழுதத் தெரியாதவர் சொல்வதை எழுதிக்கொள்ள காலேஜ் பிள்ளைகள் போதும்.

3. கட்டுவதற்கு முன் வாடகைக்கு நாற்பது பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து போடுங்கள். யார் எங்கே இழுத்துப் போட்டு உட்காருகிறார்களோ, அங்கே சுண்ணாம்பால் கோடு போடுங்கள். அதுதான் வரைபடம்.

4. மத்தியானம் வரும் வேலைக்கார அக்காக்களிடம் மத்தியானமே போய்க் கேளுங்கள். ஞாயிறு சாயங்காலம் அவர்கள் வரமாட்டார்கள்.

5. சறுக்குப்பாதை, கைப்பிடி கட்டாயம். 2016 மாற்றுத் திறனாளிகள் சட்டம் இருக்கிறது, நாம் கெஞ்ச வேண்டியதில்லை.

இதைத் தமிழ்ச் சங்கப் பிரச்சினையாக்கிவிடாதீர்கள். அது நமக்கும் நல்லதில்லை, பூங்காவுக்கும் நல்லதில்லை. பக்கத்து பிளாக் கன்னடத்துப் பாட்டிக்கும் அதே முட்டி வலிதான். கையெழுத்து வாங்கப் போகும்போது கன்னடத்தில் பேசுங்கள். உடைந்த கன்னடமானாலும் பரவாயில்லை, முகம் மலர்ந்து போட்டுக் கொடுக்கிறார்கள். இதுவரை வாங்கியதில் பாதிக்கு மேல் கன்னடக் கையெழுத்துதான்.

வராதவர்கள் நம்மாட்கள்தான். "அடுத்த வருஷம் வீடு மாறிடுவோம்" என்கிறீர்கள். மாறுங்கள். போகிற இடத்திலும் ஒரு பூங்கா இருக்கும், அங்கேயும் அம்மா கட்டைச் சுவரில்தான் உட்காருவார்.

பி.கு: மனு செக்யூரிட்டி கேபினில் இருக்கிறது. பேனாவும் அங்கேயே கட்டி வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை இன்ஜினியரிடம் கொடுக்கிறோம். கையெழுத்துப் போட ஓனரை வரச் சொல்ல மாட்டோம்.