குப்பிக்குப் பத்து, குழிக்கு இரண்டு

பெரம்பலூரில் ஒரு வெறும் மதுக்குப்பிக்கு உள்ள மதிப்பு, அரியலூரில் ஒரு தொன் (டன்) சுண்ணக்கல்லைப் பெயர்த்தெடுத்த குழிக்கு இல்லை. இதனைப் பகடி என்று எவரும் எண்ணற்க, கணக்கிட்டே கூறுகின்றோம்.

நீலமலைக் காடுகளில் குடியர் வீசியெறியும் கண்ணாடிக் குப்பிகள் உடைந்து யானைகளின் காலைக் கிழிப்பது கண்டு, சென்னை உயர்நயன்மன்றம் பணித்தவாறு 2022-இல் ஓர் ஏற்பாடு செய்யப்பட்டது. குப்பி ஒன்றுக்குப் பத்து உருபா கூடுதலாகப் பெறுவது. வெறுங்குப்பியைக் கொணர்ந்து தந்தால் அப்பத்தையும் திருப்பித் தருவது. இவ்வேற்பாடு பின்னர்ப் பெரம்பலூர் மாவட்டத்திற்கும் வந்தது. அரசே மதுக்கடை நடத்தும் இழிவை நாம் ஒப்புவோம் அல்லோம். எனினும் இவ்வேற்பாட்டின் உள்ளே ஒரு நுட்பம் உண்டு. குடித்தவன் வீசினாலும் வேறொருவன் பொறுக்கி வருவான். ஊர்தோறும் எழுதி வைத்த அறிவுரைப் பலகைகள் செய்யாததைப் பத்து உருபா செய்கின்றது. கரணியம், பணம் தவற்றோடு கட்டப்பட்டிருக்கின்றது. தவற்றைத் திருத்தினால் பணம் கைக்கு வருகின்றது.

பிறநாட்டார் இதனை எப்பொழுதோ கண்டுகொண்டனர். அயர்லாந்து 2002-இல் நெகிழிப்பை ஒன்றுக்குப் பதினைந்து காசு வரி விதித்தது. பையின் புழக்கம் நூற்றுக்குத் தொண்ணூற்றுக்கும் மேல் வீழ்ந்தது. அவ்வாண்டே பிரித்தானியா, வெட்டியெடுக்கும் கல், மணல், சரளை ஆகியவற்றுக்குத் தொன்னுக்கு 1.60 பவுண்டு வரி விதித்தது. இடித்த கட்டடத்தின் கல்லை மீண்டும் பயன்படுத்துவார்க்கு அவ்வரி இல்லை. வரிப்பணத்தில் ஒரு பங்கு 2011 வரை கற்குழிகளால் துன்புற்ற ஊர்களுக்கும் சென்றது. பைஞ்சுதைக்கான (சிமெண்டு) சுண்ணக்கல்லுக்கு அங்கு விலக்களித்தனர் என்பது வேறு செய்தி. நாம் நோக்க வேண்டுவது வழிமுறையை.

இனி அரியலூருக்கு வருவோம். கோடிக்கணக்கான ஆண்டுகட்கு முன் கடலாயிருந்த மண் அது. அக்கடலுயிர்களின் கல்லுருக்கள் இன்றும் உழவர் கொழுமுனையில் தட்டுப்படுகின்றன. அக்கடல் விட்டுச்சென்ற சுண்ணக்கல்லே கல்லங்குறிச்சி, இரெட்டிப்பாளையம், செந்துறைப் பக்கங்களில் ஆலைகளை ஈர்த்தது. தமிழ்நாட்டரசின் ஆலையே 1979 முதல் அங்கு இயங்குகின்றது. ஆதலின் பழியைத் தனியார் தலையில் மட்டும் சுமத்திவிட்டு நாம் கைகழுவ முடியாது. எடுத்த கல் வீடாகவும் பாலமாகவும் எங்கெங்கோ நிற்க, எடுத்த இடம் குழியாக நிற்கின்றது.

இக்கல்லின்மேல் வரி விதிக்கும் உரிமைக்காகத் தமிழ்நாடு பட்ட பாடு நம்மவரில் பலர்க்குத் தெரியாது. 1958-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின்படி, நிலவரி உருபா ஒன்றுக்கு 45 காசு ஊராட்சிக்கென மேல்வரியாகத் தண்டப்பட்டது. கனிம உரிமைத்தொகைக்கும் அது பொருந்தும் என்றனர். நெல்லை மாவட்டத் தாழையூத்துப் பைஞ்சுதை ஆலையார் வழக்காடினர். 1989-இல் உச்சநயன்மன்றத்தின் எழுவர் ஆயம், மாநிலத்திற்கு அவ்வுரிமை இல்லை எனத் தீர்த்தது. 35 ஆண்டுகள் கழித்து, 2024 சூலை 25 அன்று ஒன்பதின்மர் ஆயம் அத்தீர்ப்பைத் தவறெனத் தள்ளியது. எண்மர் ஒருபுறம், ஒருவர் மறுபுறம். அதன்பின் தமிழ்நாடு கனிம நிலவரிச் சட்டம் இயற்றி, 2025 ஏப்பிரல் 4 முதல் சுண்ணக்கல் தொன்னுக்கு 160 உருபா என வரையறுத்தது.

உரிமை மீண்டது, மகிழ்கின்றோம். ஆனால் குழி அப்படியேதான் கிடக்கின்றது. குழியின் கரையைச் சரித்து மரம் வைத்தவனும் தொன்னுக்கு 160. பாழாக விட்டுப்போனவனும் தொன்னுக்கு 160. வரி கருவூலத்திற்குச் செல்கின்றது. ஆலையோ அதனை மூட்டை விலையில் ஏற்றி, வீடு கட்டுவோன் தலையில் வைக்க முயலும். நடுவணரசின் 2015-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் வந்த மாவட்டக் கனிம அறக்கட்டளைக்குப் பழங்குத்தகையாளர் உரிமைத்தொகையில் நூற்றுக்கு 30 தருதல் வேண்டும். குடிநீருக்கும் பள்ளிக்கும் அது பயன்படும். ஆயினும் குழியைத் திருத்தும் கடமையோடு அதுவும் கட்டப்படவில்லை.

கட்டப்பட்ட பணம் ஒன்றே ஒன்றுதான் உண்டு: சுரங்கத்தை ஒழுங்காக மூடுவதற்கென நடுவணரசு விதிகள் கேட்கும் வங்கிப் பிணையம். 2021-இல் உயர்த்திய பின்னும், பெருஞ்சுரங்கத்திற்கு அஃது எக்டேர் ஒன்றுக்கு 5 இலக்கம் உருபா. ஓர் எக்டேரைப் பத்து மீட்டர் ஆழம் தோண்டினால் ஏறத்தாழ இரண்டரை இலக்கம் தொன் கல் வரும். உரிமைத்தொகை தொன்னுக்கு 80 வீதம் 2 கோடி. புதிய நிலவரி 4 கோடி. பிணையமோ 5 இலக்கம். தொன்னுக்கு இரண்டே உருபா. இருபது மீட்டர் தோண்டினால் ஒரே உருபா! இப்பிணையத்தை இழப்பது, குழியைத் திருத்துவதினும் மலிவாய் இருக்குமாயின், எந்த ஆலை திருத்தும்?

சுண்ணக்கல் போனபின் குழியை முழுதும் நிரப்ப மண் ஏது என்பர். மெய்தான். நிரப்பச் சொல்லவில்லை. மேல்மண்ணைத் தனியே காத்து வைத்து மீண்டும் பரப்பலாம். செங்குத்துக் கரையைப் படிப்படியாகச் சரிக்கலாம். ஆடுமாடு விழாமல் வேலியிட்டு மழைநீரைத் தேக்கலாம்.

அதற்கு 160-இல் 40 உருபாவைப் பிரித்து, அந்தந்தக் குழியின் பெயரில் தனிக்கணக்கில் வைத்தல் வேண்டும். மேற்கூறிய எக்டேருக்கு அது 1 கோடி ஆகும். ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஊரவையின் முன் நிலத்தை அளந்து, திருத்திய அளவுக்கு ஆலைக்குத் திருப்பித் தருக. திருத்தாவிடில் அப்பணத்தை ஊராட்சியே எடுத்து வேலையைச் செய்க. நிலவரிச் சட்டம் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் இயற்றியது. அதில் இப்படியொரு பிரிவைச் சேர்க்குமாறு, குழிகளால் சூழப்பட்ட ஒவ்வோர் ஊராட்சியும் அடுத்த ஊரவைக் கூட்டத்திலேயே தீர்மானம் நிறைவேற்றி அரசுக்கு அனுப்பலாம்.