வாசலில் துருப்பிடிக்கும் அமானிதம்

நம் ஊர்த் தெருக்களில் நடந்தால், தார்ப்பாய் போர்த்திய பழைய கார் ஒன்று ஏதேனுமொரு வீட்டு வாசலில் நிற்கக் காணலாம். பிறரைக் குறைகூற நாம் வரவில்லை. சென்ற ரமலான் வரை எங்கள் வாசலிலும் அப்படியொன்று நின்றது. வாப்பா வாங்கிய அம்பாசிடர் அது.

ஆண்டுக்கு இருமுறை, இரு பெருநாள்களில் மட்டுமே அது ஈத்காவுக்குப் புறப்படும். பெருநாள் தொழுகைக்கு நடந்து செல்வதும், ஒரு வழியே சென்று மறுவழியே திரும்புவதும் நபிவழி என்பதை அறிந்த நாம்தாம், நடந்தே சென்றுவிடக்கூடிய தூரத்துக்கு, லிட்டருக்குப் பத்துக் கிலோமீட்டர்கூடத் தராத வண்டியை ஓட்டிச் சென்றோம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ 2.3 கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது. எங்கள் வண்டியின் புகையைச் சுவாசித்தவர்களோ, சுன்னத்தைப் பேணி நடந்து வந்தவர்கள்!

அந்த இரண்டு நாள்களுக்காக ஆண்டு முழுதும் காப்பீடு, பேட்டரி, மெக்கானிக் கூலி. 15 ஆண்டுகளைக் கடந்த காரின் பதிவை ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கும் செலவு வேறு.

இதைச் சொன்னால் மூன்று மறுப்புகள் எழும்.

முதலாவது, "சொந்த வாகனத்துக்கு ஜகாத் இல்லையே!" உண்மை. ஆயினும் ஜகாத் இல்லாத பொருளுக்குக் கேள்விகணக்கும் இல்லை என்று யார் சொன்னது? செல்வத்தை எவ்வழியில் ஈட்டினோம் என்பதோடு, எவ்வழியில் செலவிட்டோம் என்பதும் மறுமையில் வினவப்படும். வீண்விரயம் செய்வோரை ஷைத்தானின் கூட்டத்தோடு சேர்த்தே இறைமறை (17:27) எச்சரிக்கிறது.

இரண்டாவது, "அவசரத்துக்கு உதவும்." ஓர் இரவு உம்மாவுக்கு நெஞ்சுவலி கண்டது. சாவியைத் திருகித் திருகிப் பார்த்தோம், வண்டி உயிர்பெறவில்லை. பக்கத்து வீட்டாரின் ஆட்டோதான் மருத்துவமனை வரை வந்தது. ஓடாமல் நிற்கும் வண்டி, தேவைப்படும் வேளையிலும் நிற்கத்தான் செய்யும்.

மூன்றாவதே கடினமானது: நினைவு. "உங்க வாப்பா உட்கார்ந்த இடமாச்சே" என்று உம்மா கண்கலங்கியபோது எங்களிடம் பதில் இல்லை. பின்னர் நினைவுக்கு வந்தவர் அபூதல்ஹா (ரலி). நேசிப்பதைச் செலவிடாதவரை நன்மையை அடைய முடியாது என்னும் வசனம் (3:92) இறங்கியபோது, தமக்கு மிகப் பிரியமான பைருஹா தோட்டத்தையே அவர் அர்ப்பணித்தார். நேசிப்பதால் வைத்திருக்கிறோம் என்கிறோம் நாம்; நேசித்ததால்தான் கொடுத்தார் அவர். மௌத்தானவரைத் தொடர்ந்து சென்றடைபவை மூன்று: நிலையான தர்மம், பயன்தரும் கல்வி, நல்ல பிள்ளையின் துஆ. துருப்பிடிக்கும் இரும்பு அப்பட்டியலில் இல்லை.

உம்மாவே சம்மதம் தந்தார்கள். குறையை மறைத்து இன்னொருவர் தலையில் கட்டுவது மோசடி என்பதால், அரசிடம் பதிவுபெற்ற வாகன உடைப்பு நிலையத்தில் ஒப்படைத்துப் பதிவையும் ரத்து செய்தோம். கிடைத்த தொகை, வாப்பாவின் பெயரால் மதரஸாவின் குடிநீர்த் தொட்டிக்குச் சென்றது. இவ்வாண்டுப் பெருநாளுக்கு நாங்கள் நடந்தே போனோம்.

உங்கள் வாசலில் நிற்பது நினைவுச் சின்னமா, நாளை விசாரிக்கப்படவிருக்கும் அமானிதமா? இன்றே தார்ப்பாயை விலக்கிப் பாருங்கள். வீண்விரயத்தினின்று நம் அனைவரையும் அல்லாஹ் காப்பானாக! ஆமீன்.