நல்ல நூல் தானாக வந்து சேராது

நல்ல புத்தகமோ பாட்டோ படமோ எப்படியும் தனக்குரியவரிடம் போய்ச் சேர்ந்துவிடும், யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை என்ற நம்பிக்கை நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. படித்ததையும் பார்த்ததையும் பிறருக்குப் பரிந்துரைப்பவரை, தன் ரசனையைத் தம்பட்டம் அடிப்பவர் என்று ஒதுக்குவதும் இதனால்தான். விமர்சகர் க.நா.சு. எப்போதும் நல்ல நூல்களின் பட்டியல் போடுகிறார் என்று எழுந்த புகாருக்கு அடியிலும் இந்த எண்ணமே இருந்தது. இது முழுத் தவறு. தமிழின் சொந்த வரலாறே இதற்கு எதிர்ச்சாட்சி.

1880இல் சேலம் இராமசாமி முதலியார் கும்பகோணத்துக்கு முன்சீப்பாக வந்தார். உ.வே.சாமிநாதையருக்கு அப்போது வயது 25. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர், கல்லூரியில் தமிழாசிரியர். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்க, அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், உலா, கோவை என்று ஐயர் அடுக்கிக்கொண்டே போனார். முதலியார் அசையவில்லை. இவற்றுக்கெல்லாம் முந்திய சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை ஆகியவற்றைப் படித்ததுண்டா என்பதே அவர் கேட்க விரும்பியது. ஐயர் படித்ததில்லை. அன்றைய தமிழ்நாட்டில் அவரளவு தமிழ் கற்றவர்கள் மிகச் சிலரே. அப்பேர்ப்பட்டவரிடமே சீவக சிந்தாமணி தானாக வந்து சேரவில்லை. முதலியார் பெயரைச் சொன்னதோடு விடாமல் பிரதியைக் கையில் கொடுத்தார், பாடம் கேட்கவும் உட்கார்ந்தார். சமண மரபு விளங்காத இடங்களை ஐயர் அவ்வூர்ச் சமணர்களிடம் கேட்டுத் தெளிந்தார். 1887இல் அவருடைய சிந்தாமணிப் பதிப்பு வெளிவந்தது. பின்னாலேயே 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு, 1898இல் மணிமேகலை.

கடைசியில் வந்து சேர்ந்துவிட்டதே, அது தரத்தின் வெற்றிதானே என்பார்கள். பிழைத்தவற்றை மட்டும் எண்ணிப் பார்க்கும் கணக்கு இது. ஐம்பெருங்காப்பியங்கள் என்று பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிறோமே, அவற்றில் வளையாபதியும் குண்டலகேசியும் எங்கே? உரைகளிலும் தொகைநூல்களிலும் எடுத்தாளப்பட்ட சில பாடல்களாகச் சிதறிக் கிடக்கின்றன. ஐந்தில் ஒன்றாக எண்ணப்படும் தகுதி அவற்றைக் காப்பாற்றவில்லை. ஏடு செல்லரிப்பதற்குள் அதைப் படியெடுக்க ஒருவருக்கு ஆவல் பிறக்க வேண்டும். அந்த ஆவல் இன்னொருவர் வாயிலிருந்துதான் பெரும்பாலும் வருகிறது. சினிமாவிலும் இதே கதைதான். 1956இல் கான் விழாவில் ‘பதேர் பாஞ்சாலி’ திரையிடப்பட்டபோது அரங்கில் கூட்டம் இல்லை. பார்த்த சில விமர்சகர்கள் விடாமல் வாதாடி மறுபடி திரையிட வைத்தார்கள். பிறகுதான் படம் விருது பெற்றது.

இந்த வேலையை இப்போது கைப்பேசியே செய்துவிடுகிறது என்பது அடுத்த வாதம். யூடியூபோ நெட்ஃபிளிக்ஸோ பெரிதும் நாம் ஏற்கெனவே பார்த்ததையும் நம்மைப் போன்றவர்கள் பார்த்ததையும் கொண்டே அடுத்ததை நீட்டுகிறது. பத்து அந்தாதி படித்தவருக்கு அது பதினோராவது அந்தாதியைத்தான் தந்திருக்கும். உங்கள் படிப்பில் இவ்வளவு பெரிய குறை இருக்கிறதே என்று முகத்துக்கு நேரே சொல்ல, அக்கறையுள்ள ஒரு மனிதர்தான் வர வேண்டும்.

அப்படிச் சொல்வது ரசனைத் திணிப்பு ஆகாதா என்ற கேள்வியில் மட்டும் கொஞ்சம் நியாயம் உண்டு. காரணம் சொல்லாமல் ‘அருமை, அவசியம் பாருங்கள்’ என்று வாட்ஸ்அப் குழுவில் இணைப்பைத் தள்ளிவிடுவது திணிப்புதான், அதை நானும் எதிர்க்கிறேன். ஆனால் காரணத்தோடு வரும் பரிந்துரையை எடைபோட்டுப் பார்க்கலாம், வேண்டாம் என்று மறுக்கவும் செய்யலாம். ஆகவே பரிந்துரைப்பவர் தான் முழுக்கப் படித்ததை, கேட்டதை, பார்த்ததை மட்டும் சொல்லட்டும். எங்கே தொடங்கினால் பிடிபடும், எந்த இடம் இழுக்கும், எந்த உரையை அருகில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும். கேட்டவர் பாதியில் மாட்டிக்கொண்டால், முதலியாரைப் போல் கூட உட்கார்ந்து படிக்கவும் தயாராக இருக்கட்டும்.