சோதனை விளக்கு

பழுதுற்ற பொறியைக் கண்டவுடன் திருப்புளியை எடுப்பவர் பலர். பொறியையே எறிந்துவிடுபவர் அவரினும் பலர். பழுது யாண்டுள்ளது என முதற்கண் ஆராய்பவர் சிலரே. மாணவர் ஒவ்வொருவரும் எளிய மின்சோதனைக் கருவி ஒன்றைத் தம் கையாலேயே செய்தல் வேண்டும் என்பது என் கருத்து.

எம் இல்லத்தில் தூசி உறிஞ்சும் பழைய பொறி ஒன்று உண்டு. அதனுள் விசிறி விரைந்து சுழல, உள்ளே காற்றழுத்தம் குறைகின்றது. வெளிக்காற்று தூசியையும் வாரிக்கொண்டு உட்புகுகின்றது. வெளியையே இறையென வணங்கும் தில்லையில் வாழ்வோர்க்கு இஃது எளிதில் விளங்கும்!

ஒருநாள் அப்பொறி நின்றுவிட்டது. கடலூரில் ஒரு கடைக்காரர் அதனைக் குலுக்கிப் பார்த்து, "காயில் எரிந்துவிட்டது, ஐயா, புதிது வாங்கிவிடுங்கள்" என்றார். கருகிய நாற்றம் சிறிதும் இல்லாமையால் நான் ஐயுற்றேன். அதனைச் சிதம்பரத்திற்கே திரும்பக் கொணர்ந்து, பழுது நீக்கும் முதியவர் ஒருவரிடம் காட்டினேன்.

அவர் தாமே செய்த கருவி ஒன்றை எடுத்தார். டார்ச்சு விளக்கின் மின்கலம் இரண்டு, இழையுள்ள சிறு பல்பு ஒன்று, கம்பித் துண்டுகள், இவ்வளவே அக்கருவி. வீட்டு மின்சாரத்தோடு இணைக்காத பொறியின் பிளக்கில் உள்ள இரு முனைகளிலும் கம்பிகளை வைத்துச் சுவிட்சைப் போட்டார். பல்பு எரியவில்லை. மின்வழி எங்கோ அறுபட்டுள்ளது என்பது தெளிவாயிற்று. தேய்ந்த கார்பன் பிரஷ்ஷும் இவ்வாறு வழியை அறுக்கும். அவரோ வடம் பொறிக்குள் நுழையும் இடத்தை மெல்ல வளைத்தார், பல்பு மினுக்கென்றது. உறைக்குள்ளே கம்பி முறிந்திருந்தது! நான்கு விரற்கடை வெட்டி மீண்டும் இணைத்தார், பொறி முழங்கிற்று.

இக்கருவிக்கும் எல்லை உண்டு. பொறியின் உலோக உடலில் ஒரு கம்பியையும் பிளக்கின் மின்முனையில் மற்றொன்றையும் வைத்துப் பல்பு எரியின் மின்கசிவு உறுதி. எரியாமை கொண்டு கேடில்லை எனத் துணியலாகாது. 3 வோல்ட்டில் புலப்படாத கசிவு, 230 வோல்ட்டில் உயிரையே வாங்கக்கூடும். அதனை அளக்க 500 வோல்ட் மெக்கர் வேண்டும். 100 வாட் இழை பல்பைப் பொறியோடு தொடராக இணைத்துச் சோதிக்கும் முறையும் பட்டறைகளில் உண்டு; அது வீட்டு மின்சாரத்தில் இயங்குவதாகலின் பயின்றவர்க்கே உரியது. மாணவர் மின்கலத்தோடு நிற்க.

2011 டிசம்பர் 30-ஆம் நாள் தானே புயல் தாக்கிய மாவட்டம் நம்முடையது. வெள்ளமும் நமக்குப் புதிதன்று. நனைந்த பொறியை உலர்த்தாமலும் சோதியாமலும் மின்னோடு இணைப்பது, நல்ல சுருளையும் எரித்துவிடும், தொட்டவரையும் தாக்கும். ஆதலின் இப்பயிற்சியை விளையாட்டென எண்ணற்க.

முதியவரிடம் அக்கருவியை விலைக்குக் கேட்டேன். "செய்துகொள்ளுங்கள், ஐயா" என்று நகைத்தார். அன்று மாலையே செய்தேன். இரு கம்பிகளையும் மின்கலத்தின் ஒரே முனையில் பொருத்திவிட்டு, பல்பு கெட்டதென்று அதன்மேல் பழி சுமத்தினேன். என் பேரன்தான் பிழையைக் கண்டுபிடித்தான்.