வேட்டைக்காரனின் கதையா, பிள்ளைகளின் கதையா?

கொஞ்சம் நீண்ட பதிவு. பிள்ளை உள்ளவர்களும் பிள்ளைகளுக்குப் படிப்பிப்பவர்களும் ஒரு பத்து நிமிடம் ஒதுக்கி வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.

எங்கள் ஆசிரியர் ஓய்வறையில் இந்தத் தவணை முழுக்க ஒரு புத்தகம் கை மாறிக்கொண்டிருந்தது. ஆங்கிலம் படிப்பிக்கும் டீச்சர் கொழும்பிலிருந்து கொண்டுவந்தது. பெயர் 'வட் இஸ் எ கேர்ள் வேர்த்?' ஒரு பெண் பிள்ளையின் பெறுமதி என்ன என்பது அதன் அர்த்தம். எழுதியவர் ரேச்சல் டென்ஹோலண்டர் என்ற அமெரிக்கப் பெண். 2019இல் வெளிவந்தது. எங்களில் ஆங்கிலம் ஓடுகிறவர்கள் நேரடியாக வாசித்தோம். மற்றவர்கள் இடைவேளைகளில் டீச்சர் சொல்லச் சொல்லக் கேட்டோம்.

அமெரிக்க ஜிம்னாஸ்டிக் அணிக்கு லாரி நாசர் என்று ஒரு வைத்தியர் இருந்தார். சிகிச்சை என்ற பெயரில் பல வருடங்களாகச் சிறுமிகளைத் துஷ்பிரயோகம் செய்தவர். அவருக்கு எதிராக முதன்முதலில் தன் பெயரைச் சொல்லிப் பகிரங்கமாகப் பேசியவர்தான் ரேச்சல்.

புத்தகம் சுற்றி முடிந்தபோது ஓய்வறை மூன்றாகப் பிரிந்துவிட்டது. "இதையெல்லாம் என்னத்துக்கு வாசிக்கிற? குற்றவாளிக்கு விளம்பரம் குடுக்கிற வேலை" என்றது ஒரு பக்கம். "இதெல்லாம் வெள்ளக்காரன்ட ஊருல நடக்கிறது, எங்கட ஊருக்குத் தேவையில்ல" என்றது இன்னொரு பக்கம். மூன்றாவது கருத்தை வயதில் மூத்த ஒருவர் மெதுவாகத்தான் சொன்னார்: "பிறர்ட குறைய மறைக்கிறதுதானே மார்க்கம்?" மூன்றையும் நாங்கள் பல நாட்கள் பேசினோம். அதில் எங்களுக்குத் தெளிவானதை இங்கே எழுதுகிறோம்.

முதல் கருத்தில் பாதி உண்மை இருக்கிறது. உண்மைக் குற்றச் சம்பவங்களைப் பற்றிய புத்தகங்களில் ஒரு வகை, குற்றவாளியை ஒரு கதாநாயகன் அளவுக்குத் தூக்கிவைக்கிறது. அவன் எவ்வளவு கெட்டிக்காரன், பொலிஸை எப்படி ஏமாற்றினான், அடுத்தது யார் என்று ஒரு படம் பார்ப்பதுபோலப் பக்கங்களைப் புரட்டவைக்கிறது. 1888இல் லண்டனில் ஐந்து பெண்களைக் கொன்றவனுக்கு 'ஜக் த ரிப்பர்' என்று ஒரு பட்டப்பெயர். அவன் யார் என்று இன்றுவரை நிரூபிக்கப்படவில்லை. ஆனாலும் அந்தப் பட்டப்பெயர் உலகத்துக்கே தெரியும். செத்துப்போன பெண்களின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

அதே ஐந்து பெண்களைப் பற்றி ஹலி ரூபன்ஹோல்ட் என்ற வரலாற்று ஆய்வாளர் 2019இல் 'த ஃபைவ்' என்று ஒரு புத்தகம் எழுதினார். கொலைகளை அவர் விவரிக்கவே இல்லை. அந்தப் பெண்கள் எங்கே பிறந்தார்கள், யாரைக் கலியாணம் செய்தார்கள், எப்படி வறுமைக்குள் விழுந்தார்கள் என்பதைத்தான் எழுதினார். ஐந்து பேரையும் விபசாரிகள் என்று நூறு வருடத்துக்கு மேலாக உலகம் சொல்லிவந்தது. அவர்களில் மூன்று பேரைப் பொறுத்தவரை அதற்கு ஆதாரமே இல்லை என்று பதிவேடுகளைப் புரட்டிக் காட்டினார். பிரித்தானியாவின் பெய்லி கிஃபோர்ட் பரிசு அந்த வருடம் அந்தப் புத்தகத்துக்குத்தான் கிடைத்தது.

ஆகவே வாசிக்கலாமா, கூடாதா என்று கேட்பதை விட, இந்தப் புத்தகம் நம்மை யார் பக்கத்தில் இருத்துகிறது என்று கேட்பதுதான் சரி. வேட்டைக்காரன் பக்கத்தில் இருத்தினால் மூடி வைத்துவிடலாம். நட்டமில்லை. பாதிக்கப்பட்டவர் பக்கத்திலோ, பார்த்தும் பார்க்காமல் இருந்தவர்கள் பக்கத்திலோ இருத்தினால், கசந்தாலும் வாசிக்க வேண்டும். அந்தக் கதிரை நமக்கும் உரியது.

இனி இரண்டாவது கருத்து. வெள்ளக்காரன்ட ஊர்.

நாசரின் கதையில் எங்களைத் தூங்கவிடாத விஷயம் கொடூரம் அல்ல. அவர் எவ்வளவு 'நல்ல மனுஷன்' என்பதுதான். பயிற்சி முகாமில் கடுமையான கட்டுப்பாட்டில் பசியோடு கிடந்த பிள்ளைகளுக்கு இரகசியமாகச் சாப்பாடும் இனிப்பும் கொண்டுபோய்க் கொடுத்தவர் அவர். ஏசுகிற பயிற்றுநர்களுக்கு நடுவில் சிரித்துப் பேசிய ஒரேயொரு பெரிய ஆள் அவர். அந்தச் சிறுமிகள் அவரை நம்பியதில் அதிசயம் என்ன?

ரேச்சல் அவரிடம் சிகிச்சைக்குப் போனது 2000ஆம் ஆண்டு, 15 வயதில். உம்மா அதே அறையில் இருந்தார். உம்மாவின் பார்வை படாதபடி தன் உடம்பால் மறைத்துக்கொண்டு நின்று அந்த மனிதர் அதைச் செய்தார். "நான் கூடவே போறன், எனக்குத் தெரியாம என்ன நடக்கும்?" என்று நினைக்கிற ஒவ்வொரு பெற்றோரும் அந்த அத்தியாயத்தைக் கேட்க வேண்டும்.

அதற்கு முன்பே, 1997இலேயே, பயிற்றுநர் ஒருவரிடம் தாங்கள் முறையிட்டதாகப் பாதிக்கப்பட்டவர்கள் பின்னர் சாட்சி சொன்னார்கள். விஷயம் வெளியே வந்ததோ 2016 செப்டம்பரில். இன்டியனாபொலிஸ் நகரப் பத்திரிகையொன்று ஜிம்னாஸ்டிக் சங்கம் முறைப்பாடுகளைக் கிடப்பில் போட்டதைப் பற்றி எழுதியிருந்தது. அதை வாசித்துவிட்டு ரேச்சல் அந்தப் பத்திரிகைக்கு எழுதிய பிறகுதான் கதவு திறந்தது. இடையில் 19 வருடங்கள். 2018 ஜனவரியில் மிச்சிகன் நீதிமன்றத்தில் ஏழு நாட்களாக 156 பேர் எழுந்து நின்று தங்களுக்கு நடந்ததைச் சொன்னார்கள். அவருக்கு 40 முதல் 175 வருடச் சிறைத்தண்டனை. அவர் வேலை செய்த பல்கலைக்கழகம் 300க்கு மேற்பட்டவர்களுக்காக 50 கோடி டொலர் நட்டஈட்டுக்கு இணங்கியது.

1997இல் வாய் திறந்த பிள்ளையை அன்றைக்கே ஒரு பெரிய ஆள் நம்பியிருந்தால் இந்தக் கணக்கு இவ்வளவு நீண்டிருக்குமா?

இங்கிலாந்தில் ஜிம்மி சவில் என்று ஒருவர். பிபிசி தொலைக்காட்சியின் பெரிய நட்சத்திரம். சிறுவர்களின் ஆசையை நிறைவேற்றிவைக்கும் நிகழ்ச்சியைப் பல வருடங்கள் நடத்தியவர். ஆஸ்பத்திரிகளுக்குப் பெருந்தொகைப் பணம் சேர்த்துக் கொடுத்தவர். லீட்ஸ் ஆஸ்பத்திரியில் சம்பளமில்லாமல் நோயாளிகளின் கட்டில் தள்ளியவர். 1990இல் 'சேர்' பட்டமும் கிடைத்தது. 2009இல் பொலிஸ் விசாரித்தும் வழக்கு வரவில்லை. 2011இல் மரியாதையோடு அடக்கம் செய்யப்பட்டார். அடுத்த வருடம் ஒரு தொலைக்காட்சி ஆவணப்படம் வந்த பிறகு சுமார் 450 பேர் முன்வந்தார்கள். 2013 ஜனவரியில் வெளியான பொலிஸ் அறிக்கை 214 குற்றங்களைப் பதிவு செய்தது. பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் 18 வயதுக்குக் குறைந்தவர்கள். டான் டேவிஸ் 2014இல் அவரைப் பற்றி எழுதிய புத்தகத்தின் பெயர் 'இன் ப்ளெய்ன் சைட்'. எல்லார் கண்ணுக்கும் முன்னால் என்று அர்த்தம்.

தர்மம் செய்கிறவர். பெரிய இடத்துத் தொடர்புள்ளவர். பிள்ளைகளோடு அன்பாகப் பழகுகிறவர். அவரைப் பற்றி ஒரு பிள்ளை ஏதாவது சொன்னால், "அவரையா? வாயக் கழுவு" என்று சொல்ல ஊரே தயாராக இருக்கும். இது வெள்ளைக்காரன் ஊர்க் கதையா? ஊர்ப் பெயரை எடுத்துவிட்டு இன்னொரு தடவை வாசித்துப் பாருங்கள்.

மூன்றாவது கருத்துதான் எங்களுக்குக் கனமானது. பிறர் குறையை மறைப்பது நல்ல பண்பு. அதில் எங்களுக்கு மறுப்பில்லை. ஒரு மனிதன் தனக்கும் றப்புக்கும் இடையில் செய்த பாவத்தை நாம் சந்திக்குக் கொண்டுவரக் கூடாது. ஆனால் இன்னொருவர் மேல், அதுவும் ஒரு சிறு பிள்ளை மேல் நடந்த அநியாயம் அந்த வகையைச் சேர்ந்ததா? அதை மறைத்தால் நாம் மறைப்பது குறையை அல்ல. அடுத்த பிள்ளைக்குப் போகும் வழியைத்தான் திறந்துவிடுகிறோம். அநியாயக்காரனின் கையைப் பிடிப்பதும் அவனுக்குச் செய்யும் உதவிதான் என்று நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள்.

ரேச்சல் மிகுந்த மார்க்கப் பற்றுள்ள பெண். தன் மதத்தை விடாமல்தான் அவர் போராடினார். ஆனால் துஷ்பிரயோகத்தை மூடிமறைப்பதற்கு எதிராகப் பேசியதற்காகத் தன் தேவாலயத்தையே இழக்க வேண்டி வந்ததாக நீதிமன்றத்தில் சொன்னார். தொழுகிற கூட்டத்துக்குள்ளேயே தனித்துப்போவது எப்படியென்று நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. உண்மை பேசிய பெண்ணுக்கு நம் ஊரில் அந்த நிலை வராது என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல முடியுமா?

இவ்வளவும் எழுதிவிட்டு எங்கள் கதையைச் சொல்லாமல் விட்டால் அது நேர்மையில்லை.

சில வருடங்களுக்கு முன் எங்களிடம் ஒரு மாணவி படித்தாள். கெட்டிக்காரி. திடீரென்று ஒரு பின்னேர வகுப்புக்குப் போகமாட்டேன் என்று அடம்பிடித்தாள். வீட்டில் அடித்தார்கள். எங்களிடம் வந்தபோது, "படிக்கக் கள்ளம் போடாத, மகள்" என்று நாங்களும் புத்தி சொன்னோம். அவள் ஏதோ சொல்ல வந்தாள். மணி அடித்துவிட்டது. நாங்கள் அடுத்த பாடத்துக்குப் போய்விட்டோம். அதற்குப் பிறகு அவள் எதுவும் சொல்லவில்லை. அடுத்த வருடம் வேறு ஊருக்குப் போய்விட்டார்கள்.

அவள் என்ன சொல்ல வந்தாள் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். ஆனால் ஆசிரியர் கலாசாலையில் பிள்ளை உளவியல் படித்து, பரீட்சை எழுதி, சான்றிதழ் வாங்கிய எங்களுக்கு, "ஏன் மகள், அங்க என்ன?" என்று கேட்க ஒரு நிமிடம் இருக்கவில்லை. ரேச்சலின் புத்தகத்தை வாசிக்கும்போது எங்களில் ஒருவர் பாதியில் மூடிவைத்துவிட்டு வெளியே போனதற்குக் காரணம் அதில் இருந்த கொடூரம் அல்ல, இந்தப் பிள்ளையின் முகம்.

ஆகவே எங்கள் நிலைப்பாடு இது. இந்தப் புத்தகங்கள் பிள்ளைகளுக்கு உரியவை அல்ல. அவர்கள் கையில் கொடுக்காதீர்கள். பெரியவர்கள் வாசியுங்கள். ஆசிரியர்கள், உம்மா வாப்பாமார், மத்ரஸா நடத்துகிறவர்கள், பள்ளி நிர்வாகத்தில் இருப்பவர்கள் வாசியுங்கள். முடியாவிட்டால் வாசித்தவர்களிடம் கேளுங்கள். திரில்லுக்காக வாசிக்காதீர்கள். முதல் பிள்ளை வாய் திறந்தபோது யார் என்ன சொன்னார்கள் என்ற இடத்தில் விரலை வைத்து வாசியுங்கள்.

ஒரு பிள்ளை, "அவர்ட்ட போக மாட்டன்" என்றால் உடனே ஏசாதீர்கள். ஏன் என்று அமைதியாகக் கேளுங்கள். சொல்வதை அவசரப்படுத்தாமல் கேளுங்கள். "உன்ட பிழை இல்ல மகள்" என்று சொல்லுங்கள். ஆண் பிள்ளைகளிடமும் அப்படியே. முதல் வேலையாகக் குற்றம் சாட்டப்பட்டவரிடம் போய் விசாரிக்காதீர்கள். அது அவருக்குக் கொடுக்கும் எச்சரிக்கையாகிவிடும். நாலு பேரைக் கூட்டிச் சமரசம் பேசி முடிக்கும் விஷயமும் இது அல்ல. இது சட்டப்படி குற்றம். 1998ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் உருவான தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை நமக்கும் உரியதுதான். அதன் தொலைபேசி இலக்கம் 1929. ஃபோனில் பதிந்து வையுங்கள். பாவிக்கும் தேவை வராமல் இருக்க துஆ செய்யுங்கள். வந்தால் தயங்காதீர்கள்.

யார் மீதும் சந்தேகத்தைக் கிளப்ப இதை எழுதவில்லை. நல்ல உஸ்தாத்மாரும் நல்ல ஆசிரியர்களும் நம் ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். பிள்ளையின் பேச்சைக் கேட்பதால் அவர்களின் மரியாதை குறையாது. கேட்காமல் விட்டால்தான் எல்லாருடைய மரியாதையும் போகும்.

ஒரு பெண் பிள்ளையின் பெறுமதி என்ன? அந்தத் தலைப்புக்கு எங்கள் ஓய்வறையில் ஒருவர் சொன்ன பதில் இது: "மணி அடிச்ச பிறகும் ஒரு நிமிஷம் நிண்டு கேக்கிற அளவு."

அந்த ஒரு நிமிடத்தை நாங்கள் ஒரு தடவை தவறவிட்டோம். இன்னொரு தடவை தவறவிடாமல் இருக்க அல்லாஹ் எங்களுக்கும் உங்களுக்கும் உதவி செய்வானாக.

உங்கள் கருத்தைக் கீழே எழுதுங்கள். மாற்றுக் கருத்தாக இருந்தாலும் எழுதுங்கள். யாருடைய பெயரையும் மட்டும் குறிப்பிட வேண்டாம்.

வஸ்ஸலாம்.