முதலில் கூரை, அப்புறம் மெஷின்



போன ஞாயிற்றுக்கிழமை என் பழைய மாணவர் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். குடியாத்தம் பக்கம் ஒரு கிராமம். என்னிடம் எட்டாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை அறிவியல் படித்தவர். பத்தாவதோடு நிறுத்திவிட்டு அப்பாவுடன் தச்சு வேலைக்குப் போனார். இப்போது வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. இவ்வளவு நாள் அடுத்தவர் பட்டறையில் வேலை செய்தவர், முதல் முறையாகச் சொந்தத் தொழில் தொடங்கப் போகிறார்.

"சார், மரம் அறுக்கிற மெஷின் ஒண்ணு பழசா வாங்கிட்டேன். வீட்டுக்குப் பின்னாடியே போட்டுக்கலாம்னு இருக்கேன். மேல நாலு ஷீட் போட்டுட்டா வேலையை ஆரம்பிச்சிடலாம்" என்றார்.

"நாலு ஷீட் எதுக்குப்பா?"

"மழை வந்தா மோட்டார் நனையக் கூடாதே சார்."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் அந்தப் பதில் ராத்திரி வரைக்கும் மனதை விட்டுப் போகவில்லை. மோட்டார் நனையக் கூடாது, சரி. அந்த மோட்டாருக்குப் பக்கத்தில் தினமும் எட்டு மணி நேரம் நிற்கப் போகிற மனிதர்? மரத்தை மறுபக்கம் பிடித்து வாங்கப் போகிற அவர் மனைவி? அவர்களுக்கு என்ன கூரை?

நம் பக்கத்தில் வீட்டுத் தொழில் செய்கிற எல்லோரும் இதே தப்பைத்தான் செய்கிறோம். கையில் இருக்கிற பணத்தை, வாங்கிய கடனை எல்லாம் மெஷினில் போட்டுவிடுகிறோம். மிச்சம் இருக்கிற சில்லறையில் கூரை. என் கருத்து இதற்கு நேர் எதிரானது. முதலில் கூரை, அப்புறம் மெஷின். ஏன் என்று சொல்கிறேன்.

வேலூர் வெயிலைப் பற்றி வேலூர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டுவது நமக்குச் செய்தியே இல்லை. ஏப்ரல் கடைசி வாரத்தில் ஒரு நாள் நண்பகலில் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வந்து, நட்டு வைத்த கம்புக்கு நிழலே விழாது. ஆகஸ்ட் நடுவில் இன்னொரு முறை அப்படி வரும். பள்ளி மைதானத்தில் பிள்ளைகளை நிற்க வைத்து இதைக் காட்டியிருக்கிறேன். அந்த வெயில் முழுவதையும் வாங்குவது கூரைதான்.

சூடான தகரம் அடுப்பு மாதிரி. வெப்பம் மூன்று வழியில் பரவும் என்று வகுப்பில் நடத்துவோம்: கடத்தல், சலனம், கதிர்வீச்சு. தகரக் கூரையின் கீழ் நிற்பவரை வாட்டுவது பெரும்பாலும் மூன்றாவது. காற்று வந்தாலும் தலை காய்வது அதனால்தான். நானே ஆறு வருடம் ஷீட் போட்ட வகுப்பறையில் பாடம் நடத்தியவன். மதியம் இரண்டு மணிக்குப் பிள்ளைகள் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் நடத்திய பாடம் எதுவும் யார் தலையிலும் ஏறியிருக்காது. ஆனால் அங்கே பிள்ளைகள் கையில் இருந்தது பேனா. இங்கே கை இருக்கப் போவது சுற்றுகிற ரம்பத்துக்குப் பக்கத்தில். கண்ணில் வியர்வை வழிந்து ஒரு வினாடி கவனம் தவறினால் விரல் போய்விடும். விரல் போன ஆசாரிகளை நான் பார்த்திருக்கிறேன். நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

அப்படியானால் ஓலை போடலாமே, குளிர்ச்சிதானே என்பார்கள். குளிர்ச்சிதான். ஆனால் 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகள் எரிந்து போனது அந்த மாதிரிக் கூரைக்குக் கீழேதான். ஆசிரியராக இருந்த யாருக்கும் அந்த நாள் மறக்காது. மரத்தூளும் மோட்டார் பொறியும் ஒன்றாக இருக்கிற இடத்தில் ஓலைக்கு இடமே இல்லை.

சிமெண்ட் ஷீட் என்று நாம் சொல்கிற ஆஸ்பெஸ்டாஸ் மலிவு. ஆனால் அதை அறுக்கும்போதும் துளை போடும்போதும் உடையும்போதும் வெளிவருகிற தூசி நுரையீரலில் தங்கிவிடும். புற்றுநோய் வரும் என்பது சந்தேகம் இல்லாமல் நிரூபணமான விஷயம். பல நாடுகள் தடை செய்துவிட்டன. நம் கடைகளில் இன்னும் விற்கிறார்கள். பழைய ஷீட் சும்மா கிடைக்கிறது என்று வாங்கி அறுக்காதீர்கள். குழந்தைகள் விளையாடுகிற பின்வாசலில் அறுக்கவே அறுக்காதீர்கள்.

ஓடு நல்லது. நம் தாத்தா வீடுகள் எல்லாம் ஓடுதான். ஆனால் கனம் அதிகம், மரச்சட்டம் வேண்டும், செலவு கூடும். கடைசியில் பெரும்பாலானவர்களுக்கு இரும்புக் குழாயும் கலர் ஷீட்டும்தான் கட்டுப்படியாகும். அதையே ஒழுங்காகப் போடலாம் என்பதுதான் என் வாதம்.

என் மாணவருக்கு நான் தாளில் படம் போட்டுச் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன். யாருக்காவது பயன்படும்.

முதலாவது, நீளம். பத்தடிப் பலகையை அறுக்க வேண்டுமானால் ரம்பத்துக்கு முன்னால் பத்தடி, பின்னால் பத்தடி இடம் வேண்டும். மெஷினுக்கு மட்டும் கூரை போட்டால் ஆட்கள் இரண்டு பேரும் வெயிலில் நிற்பார்கள். மரம் போகிற வழியில் தூண் வராமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, திசை. கொட்டகையின் நீளவாக்கு கிழக்கு மேற்காக இருக்கட்டும். காலை வெயிலும் சாயங்கால வெயிலும் குறுகின பக்கத்தில் மட்டும் விழும். மேற்கே ஒரு புங்க மரம் வைத்தால் ஐந்து வருடத்தில் அது பார்த்துக்கொள்ளும்.

மூன்றாவது, உயரம். ஏழடியில் ஷீட் போடுவது நம் ஊர் வழக்கம், செலவு குறையும் என்று. தாழ்வான பக்கமே பத்தடி இருக்க வேண்டும். நடுவில் ஒரு பக்கத்து ஷீட்டை மறுபக்கத்தைவிட ஒரு அடி தூக்கிப் போட்டு, சந்து விடுங்கள். சூடான காற்று மேலே போகும் என்று எட்டாம் வகுப்பிலேயே படித்தோம். மேலே போன காற்று வெளியே போக வழி விட வேண்டாமா?

நான்காவது, வெள்ளை. ஷீட்டின் மேல் பக்கம் வெள்ளையாக இருந்தால் வெயிலில் பெரும்பகுதி திரும்பிப் போய்விடும். இது ஏழை வைத்தியம் இல்லை. தெலங்கானா அரசு 2023இல் குளிர்கூரைக்கென்றே ஒரு கொள்கை வெளியிட்டது. பணம் இல்லாவிட்டால் வருடா வருடம் பங்குனியில் சுண்ணாம்பு அடியுங்கள். பந்தல் கட்டிப் பூசணிக் கொடியை ஏற்றினாலும் நல்லதுதான்.

ஐந்தாவது, காற்று. கோடை மழைக்கு முன்னால் வருகிற சூறைக்காற்றில் ஷீட் பறப்பதை வருடா வருடம் பார்க்கிறோம். மேலே காற்று வேகமாக ஓடும்போது அங்கே அழுத்தம் குறையும், கீழே இருக்கிற காற்று கூரையைத் தூக்கும். பதினொன்றாம் வகுப்பில் பெர்னௌலி தேற்றத்துக்கு இதைத்தான் உதாரணம் சொல்வார்கள். அதனால் கூரை விழாமல் இருந்தால் மட்டும் போதாது, பறக்காமலும் இருக்க வேண்டும். தூண் மூன்றடி ஆழத்தில் கான்கிரீட்டில் நிற்கட்டும். ஓரத்து ஷீட்டுகளைத்தான் காற்று முதலில் பிடிக்கும், அங்கே திருகாணி இரண்டு மடங்கு போடுங்கள். ஷீட்டின் மேல் கல்லும் பழைய டயரும் வைப்பது பாதுகாப்பு இல்லை. ஷீட் பறந்தால் அந்தக் கல் யார் தலையிலாவது விழும்.

ஆறாவது, சுவர். செலவு மிச்சம் என்று பழைய மண்சுவரிலோ பக்கத்து வீட்டு மதிலிலோ கூரையைச் சாய்க்காதீர்கள். 2021 நவம்பர் மழையில் பேர்ணாம்பட்டில் வீட்டுச் சுவர் இடிந்து ஒன்பது பேர் இறந்ததை நாம் மறக்கக் கூடாது. ஊறிய சுவரை நம்பக் கூடாது.

ஏழாவது, மின்சாரம். இரும்புத் தூண், ஈரத் தரை, தோல் உரிந்த ஒயர் மூன்றும் சேர்ந்தால் உயிர் போகும். எர்த் இல்லாமல் மெஷினை ஓட்டவே கூடாது.

கடைசியாகத் தூசி. பக்கங்களை அடைக்காமல் திறந்து விடுங்கள். மரத்தூள் மூக்கில் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. அதே பட்டியலில் தோல் தூசியும் இருக்கிறது. ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, ராணிப்பேட்டை மக்கள் இந்த வரியை இன்னொரு முறை படிக்க வேண்டும்.

ஏனென்றால் இது ஒரு ஆசாரியின் கதை மட்டும் இல்லை. நம் பக்கத்துத் தெருக்களில் எத்தனை வீடுகளில் பெண்கள் ஷூ அப்பர் தைக்கிறார்கள்! எங்கே உட்கார்ந்து தைக்கிறார்கள்? தாழ்வான ஷீட் கூரைக்குக் கீழே, ஒரு ஜன்னல் கூட இல்லாத அறையில். தோலை உலர்த்தக் காற்றோட்டமான கொட்டகை வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாகத் தெரிந்து வைத்திருக்கிற ஊர் இது. தோலுக்குக் காற்று வேண்டும் என்று தெரிந்த நமக்கு, அந்தத் தோலைத் தைக்கிற பெண்ணுக்கும் காற்று வேண்டும் என்று தெரியாமலா போயிற்று?

சட்டம் இல்லையா என்று கேட்கலாம். 1948ஆம் வருடத் தொழிற்சாலைச் சட்டம், உள்ளே வெப்பம் முடிந்த அளவு குறைவாக இருக்கும்படி கூரையும் சுவரும் அமைய வேண்டும் என்று தெளிவாகவே சொன்னது. ஆனால் மின்சாரத்தில் இயங்கும் இடம் என்றால் பத்துப் பேராவது வேலை செய்தால்தான் அது தொழிற்சாலை. 2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய சட்டத் தொகுப்பு அதை இருபது பேர் ஆக்கியது. கணவனும் மனைவியும் நிற்கிற பின்வாசல் கொட்டகைக்கு எந்த ஆய்வாளரும் வர மாட்டார். அங்கே நமக்கு நாமேதான் ஆய்வாளர். 2024இல் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. நல்ல காரியம். ஆனால் பேரிடர் நிவாரணம் இறந்த பிறகு வருவது. கூரை அதற்கு முன்னால் வர வேண்டியது.

இன்னொன்றும் சொன்னேன். பின்வாசல் நம்முடையதுதான், ஆனால் நமக்கு மட்டும் உரியது இல்லை. சத்தமும் தூசியும் வேலி தாண்டிப் போகும். தோல் கழிவு பாலாற்றையும் கிணறுகளையும் கெடுத்த கதை நமக்குத் தெரியும். 1996 ஆகஸ்ட் 28 அன்று வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில்தான் உச்ச நீதிமன்றம், கேடு வருமுன் தடுப்பது கடமை என்று தீர்ப்பளித்தது. அதே வருடம் டிசம்பர் 12 அன்று கோதவர்மன் வழக்கில் காடுகளைக் காக்க உத்தரவு வந்தது. அந்த வழக்கின் தொடர்ச்சியாகத்தான் நாடு முழுவதும் மரம் அறுக்கும் ஆலைகளுக்குக் கட்டுப்பாடு வந்தது. சந்தனமும் செம்மரமும் கடத்துகிற பகுதி என்று பெயர் வாங்கிய மாவட்டம் நம்முடையது. அதனால், "மெஷினை ஓட்டறதுக்கு முன்னாடி வன அலுவலகத்துக்குப் போ. என்ன அனுமதி வேணும்னு கேட்டு எழுத்தில் வாங்கு. யார் நிலத்து மரம்னு நோட்டுப் போட்டு எழுது" என்றேன்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "சார், நீங்க சொல்றது எல்லாம் சரிதான். காசுக்கு எங்க சார் போறது? மெஷின் ஓடினாத்தானே வட்டி கட்ட முடியும்?"

நியாயமான கேள்வி. ஓய்வூதியம் வாங்குகிறவன் அறிவுரை சொல்வது சுலபம் என்று என் மனைவியும் உள்ளேயிருந்து சொன்னார். மறுக்கவில்லை. ஆனால் கணக்கையும் பார்க்க வேண்டும். ஏழடித் தகரத்துக்குக் கீழே சித்திரை, வைகாசியில் பதினொரு மணிக்கு மேல் வேலை செய்ய முடியாது. இரண்டு மாதம் பாதி நாள் வேலை போனால் வட்டியை யார் கட்டுவது? ஒரு சூறைக்காற்றில் ஷீட் போனால் மறுபடி யார் போடுவது? மோசமான கூரைக்கும் நாம் பணம் கட்டுகிறோம். தவணை முறையில் கட்டுவதால் தெரிவதில்லை.

அதனால் கடன் கேட்டுப் போகிறவர்களுக்கு என் ஆலோசனை இது: மெஷின் விலைப்பட்டியலோடு கொட்டகைக்கான விலைப்பட்டியலையும் சேர்த்துக் கொடுங்கள். கடன் கொடுக்கிற வங்கி அதிகாரிகளுக்கும் மாவட்டத் தொழில் மைய அதிகாரிகளுக்கும் என் வேண்டுகோள்: மெஷினைப் பார்க்க வரும்போது ஒரு நிமிடம் தலையை நிமிர்த்தி மேலேயும் பாருங்கள். முடிந்தால் மே மாதம் மதியம் இரண்டு மணிக்கு வந்து பாருங்கள்.

நேற்று அவரிடமிருந்து போன் வந்தது. மெஷினைத் தார்ப்பாய் போட்டு மூடி வைத்துவிட்டாராம். தூணுக்குக் குழி வெட்டுகிறார்களாம். "ரெண்டரை அடியில பாறை வருது சார், போதுமா?" என்றார்.

பாறை என்றால் துளை போட்டுக் கம்பியை இறக்கு, வெல்டரை வைத்துக்கொண்டே செய் என்று சொன்னேன். வன அலுவலகத்துக்குப் போனாயா என்றும் கேட்டேன். திங்கட்கிழமை போகிறேன் என்றார். மறுபடி கேட்பேன். வாத்தியார் வேலையிலிருந்துதான் ஓய்வு பெற்றேன், வீட்டுப்பாடம் கேட்கிற பழக்கம் போகவில்லை.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ ஷீட்டுக்குக் கீழே உட்கார்ந்து வேலை செய்கிறவர் இருந்தால், இன்று மதியம் ஐந்து நிமிடம் அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். நான் எழுதியதில் தவறு இருந்தால் அப்புறம் வந்து சொல்லுங்கள்.