மின்கித்தாரும் கைப்பயிற்சியும்

கலைகள் பலவற்றுள்ளும் இசைக்கலை மக்கள் மனத்தை எளிதில் வயப்படுத்த வல்லது என்பது யாவரும் ஒப்பமுடிந்ததே. ஆயினும் இசையைப் போற்றுவார் பலர், அவ்விசையைத் தரும் கருவி எங்ஙனம் ஆக்கப்படுகின்றது என்பதனை எண்ணுவதிலர். பாடுவோரைப் பாராட்டுகின்றோம், வாசிப்போரைக் கைகொட்டி வாழ்த்துகின்றோம், கருவியைச் செய்தார் யாவர் என வினவுவார் அரியர். இந்நிலையில், மாணவர் சிலர் மின்கித்தாரின் உறுப்புக்களைப் பெட்டியாக வரவழைத்துத் தம் மனையிலேயே கூட்டியமைக்கத் தலைப்பட்டுள்ளனர். 'கிட்' என வழங்கும் இவ்வுறுப்புப் பெட்டியைக் கொண்டு கருவி அமைத்தல் வீண் விளையாட்டோ, கல்வியோ என்பதே ஈண்டு ஆராயப்புகும் பொருள். அது கல்வியே என்பதும், ஆயின் கல்வியின் முதற்படியே என்பதும் என் கருத்து.

அப்பெட்டியைத் திறப்பார் காண்பன இவை: குழிகள் அகழப்பெற்ற உடற்பலகை, மெட்டுக்கள் பதித்த தண்டி, முறுக்காணிகள் ஆறு, நரம்புகளைத் தாங்கும் குதிரை, 'பிக்கப்' என்னும் காந்தச் சுருள்கள், ஒலியளவை மாற்றும் திருகுகள், மின்தேக்கி ஒன்று, எஃகு நரம்புகள் ஆறு. வீணைக்குரிய தண்டி, மெட்டு, குதிரை என்னும் பெயர்கள் இக்கருவிக்கும் இயல்பாகப் பொருந்துதல் காண்க. வேறுபாடு குடத்தின்கண் உளது. வீணைக்குக் குடம் உண்டு. திண்பலகையாலாகிய மின்கித்தாருக்கு அஃது இல்லை. அதன் வேலையைப் பிக்கப்பும் ஒலிபெருக்கியும் செய்கின்றன. பிக்கப்பில் காந்தத்தைச் சூழ மயிரிழையன்ன செப்புக்கம்பி ஆயிரக்கணக்கான சுற்றுக்களாகச் சுற்றப்பட்டிருக்கும். எஃகு நரம்பு அதன்மேல் அதிருங்கால் காந்தப்புலம் மாறுகின்றது. அம்மாற்றம் சுருளில் மின்னோட்டத்தை எழுப்புகின்றது. மைக்கேல் பாரடே 1831-ஆம் ஆண்டில் கண்ட மின்காந்தத் தூண்டலே இது. ஆய்வுக்கூடத்தில் மனனஞ் செய்த விதி விரல்நுனியில் இசையாக எழுதலைக் காண்பது சிறிய பயனன்று.

"உறுப்புக்கள் அனைத்தையும் பொறியே அறுத்துத் தந்துவிட்டது, திருகாணியை முடுக்குவதைக் கருவி செய்தல் என்பது மிகையன்றோ?" என்பார் சிலர். அவர் கூற்றில் உண்மை ஒரு பகுதி உண்டு. இக்கருவியின் கணக்கில் அரிய பகுதி மெட்டுக்களின் இடம். நரம்பின் நீளம் 648 மில்லிமீட்டர் ஆயின், முதல் மெட்டு தலைப்பிலிருந்து ஏறத்தாழ 36.4 மில்லிமீட்டர் தொலைவிலும், பன்னிரண்டாம் மெட்டு சரிபாதியாகிய 324 மில்லிமீட்டரிலும் அமைதல் வேண்டும். இக்கணக்கைப் பெட்டி வாங்குவோன் செய்வதில்லை.

ஆயினும் கணக்கு முடிந்த இடத்தில் இசை முடிந்துவிடுவதில்லை. நரம்பை மெட்டின்மேல் அழுத்துங்கால் அது சிறிது இழுபட்டுச் சுரம் உயர்கின்றது. ஒவ்வொரு நரம்பும் தன் பருமனுக்கும் உயரத்துக்கும் ஏற்ப வெவ்வேறளவில் உயரும். ஆகலின் குதிரையின்மேல் ஒவ்வொரு நரம்புக்கும் தனித்தனியே சிறு தாங்கி உண்டு. நரம்பின் நடுவில் விரலைத் தொட்டும் தொடாமலும் வைத்து மீட்ட எழும் மெல்லொலியையும், அதே நரம்பைப் பன்னிரண்டாம் மெட்டில் அழுத்தி மீட்ட எழும் ஒலியையும் ஒப்புநோக்கல் வேண்டும். அழுத்திய ஒலி உயர்ந்திருப்பின் தாங்கியைப் பின்னே தள்ளுக. தாழ்ந்திருப்பின் முன்னே கொணர்க. ஆறு நரம்புக்கும் இதனைச் செய்து முடிப்பதற்குள் செவி கூர்மையடைகின்றது. இச்செவியைப் பெட்டியில் இட்டு விற்பார் இலர்.

என் தமையனாரும் யானும் சென்ற கோடை விடுமுறையில் இத்தகைய பெட்டியொன்றை வருவித்தோம். தண்டியின் அடிப்பகுதி உடற்பலகையின் குழியில் செவ்வனே அமரவில்லை. அறுத்தனுப்பினோர் குறையே அது. உடன்வந்த குறிப்புத்தாளோ அதனைப்பற்றி ஒன்றும் கூறிற்றிலது. எங்கள் தெருவிலுள்ள முதிய தச்சரை நாடினோம். அவர் கித்தாரைக் கையால் தொட்டறியாதவர். குழியினுள்ளே சுண்ணக்கட்டியைத் தேய்த்துத் தண்டியை அதில் அழுத்தி எடுத்தார். இடிக்கும் இடங்களில் மட்டும் வெண்மை படிந்தது. "தம்பி, வலிந்து திணித்தால் மரம் பிளந்துவிடும், எங்கே இடிக்கிறது என்று முதலில் பாருங்கள்" என்று கூறி, அவ்விடங்களை மட்டும் உப்புத்தாளால் தேய்க்கச் சொன்னார். மூன்றாம் முறை தண்டி அசைவின்றி அமர்ந்தது. ஆறு நரம்பும் முறுக்கேறியபோது அவ்விணைப்புத் தாங்கவேண்டிய இழுவிசை 40 கிலோகிராமுக்கு மேற்பட்டது என்பதனை அவரிடம் தமையனார் சொன்னார். அவர் வியந்திலர், கதவையும் கட்டிலையும் தாங்கச் செய்தவர்க்கு அது புதிதன்று.

எழுத்தறிவு பெற்றார் கைத்தொழிலாளரைத் தம்மிற் குறைந்தாராகக் கருதும் வழக்கம் நம்மிடை இன்னும் ஒழிந்தபாடில்லை. அவ்வெண்ணம் பிழை என்று மேடையில் பேசுவது எளிது. நம் கையில் பொருந்தாத மரத்துண்டு ஒன்று இருக்க, அவர் கை அதனைப் பொருத்துங்காலன்றோ அது பிழை என்பது நமக்கே விளங்கும்!

மின்கித்தாரின் வரலாறும் இதனையே வலியுறுத்தும். அமெரிக்க இசைவாணராகிய லெஸ் பால் 1940-ஐ ஒட்டிய காலத்தில் பைன் மரக்கட்டை ஒன்றில் தண்டியையும் பிக்கப்புக்களையும் பொருத்தித் தாமே ஒரு கருவி அமைத்தார். கட்டை என்பதே அதற்கு அவர் இட்ட பெயர். லியோ பெண்டரோ வானொலிப் பெட்டிகளைப் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தவர். கித்தார் வாசிக்கக் கற்றிலர். 1950-ஆம் ஆண்டில் அவர் நிறுவனம் வெளியிட்ட கித்தாரில் தண்டி வச்சிரத்தால் ஒட்டப்படாது திருகாணிகளால் இணைக்கப்பட்டது. தண்டி பழுதுறின் கழற்றி வேறொன்று மாட்டலாம் என்பதே நோக்கம். இற்றைநாள் உறுப்புப் பெட்டிக்கு அவ்விணைப்பே வித்தாயிற்று.

இங்கிலாந்தில் 1963-ஆம் ஆண்டில் பிரையன் மே என்னும் 16 வயது மாணவர், மின்னணுப் பொறியாளராகிய தம் தந்தையாருடன் ஒரு கித்தார் செய்யத் தொடங்கினார். தண்டிக்குப் பழைய கணப்படுப்பின் மேற்சட்டம் மரமாயிற்று. மோட்டார் சைக்கிளின் வால்வு வில்களும், பின்னலூசியின் நுனியும், தாயாரின் பெட்டியிலிருந்த முத்துச்சிப்பிப் பொத்தான்களும் உறுப்புக்களாயின. பின்னர் 'குவீன்' என்னும் இசைக்குழுவில் உலகறிய அவர் வாசித்தது அக்கருவியையே. அவரே 2007-ஆம் ஆண்டில் வானியற்பியலில் முனைவர் பட்டமும் பெற்றார். கைவேலை கல்விக்குப் பகை என்பார் இதற்கு யாது விடை கூறுவர்? அன்றியும், பெட்டியைக் கூட்டி முடித்துவிட்டுத் தம்மைக் கருவி செய்தாராக மதிக்கும் நண்பர்களும் இவ்வரலாற்றை எண்ணுதல் நலம். அவர் சட்டத்தை அறுத்தார். நாம் அறுத்ததைச் சேர்த்தோம். இடைவெளி பெரிது.

"பெட்டியின் விலைக்கே முழுக்கித்தார் கடையில் கிடைக்குமே" என்பது மற்றொரு தடை. அதுவும் உண்மையே. பணத்தை மிச்சப்படுத்த எண்ணுவோர் இதிற் புகவேண்டா. கடையில் வாங்கியவன் கருவி இரைந்தால் மீண்டும் கடைக்குச் செல்வான். செய்தவனோ பின்மூடியைக் கழற்றிக் குதிரையிலிருந்து வரும் நிலத்தொடர்புக் கம்பி விட்டுப்போயிற்றா என்று நோக்குவான். பொருளுக்கு உடையவனாதல் வேறு. அதனை அறிந்தவனாதல் வேறு.

தமிழ் கற்கும் நமக்கு இதில் தனித்ததொரு படிப்பினையும் உண்டு. பொருநராற்றுப்படை முதலிய நூல்கள் யாழின் உறுப்புக்களை விரித்துரைக்கின்றன. பேரியாழுக்கு 21 நரம்பும் செங்கோட்டியாழுக்கு 7 நரம்பும் உரையாசிரியர் கூறுவர். பத்தர், கோடு, திவவு எனத் தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் பெறுகின்றோம். ஆயின் அவ்வியாழைச் செய்யும் கைமரபு இடையில் அறுந்தொழிந்தது. சொல் எஞ்சிற்று, ஒலி எஞ்சவில்லை. விபுலானந்த அடிகள் பன்னெடுநாள் ஆய்ந்து 1947-ஆம் ஆண்டில் வெளியிட்ட யாழ் நூல், அறுந்த அம்மரபைக் கணக்காலும் உரையாலும் மீட்க முயன்ற பெருமுயற்சி. அண்மை ஆண்டுகளில் சென்னையில் கித்தார் முதலிய நரம்புக்கருவிகளைச் செய்யும் இளைஞர் ஒருவர் யாழையும் செய்து மீட்டிக் காட்டியுள்ளார். மேனாட்டுக் கருவியிற் பழகிய கை நம் பண்டைக் கருவிக்கு உதவிற்று. ஆகலின் மின்கித்தார் செய்யும் தமிழ் மாணவனை, "தன் நூலை விட்டுப் பிறர் கருவியைப் பற்றினான்" எனப் பழித்தல் பொருந்தாது.

இனி நம் கல்லூரி செய்யத்தக்கது ஒன்றுண்டு. பௌதிக ஆய்வுக்கூடத்தின் ஒரு மூலையில் தச்சுமேசை ஒன்றும், பற்றவைக்கும் சூட்டுக்கோல் இரண்டும், உளியும் அரமும் வைக்கப்படுக. இசைக்கழகத்தின் சார்பில் ஆண்டுக்கு ஒரு பெட்டி வாங்குக. இவ்வூர்த் தச்சர் ஒருவரை வாரம் ஒருநாள் ஆசிரியராக அழைத்து, ஆசிரியர்க்குரிய இருக்கையும் ஊதியமும் அளிக்க. முதலாண்டில் மாணவர் பெட்டியிலுள்ளதைக் கூட்டட்டும். இரண்டாம் ஆண்டில், வீணைக்கு ஆகும் பலாமரத்திலேயே உடற்பலகையைத் தாமே அறுத்துக் கொள்ளட்டும். மூன்றாம் ஆண்டில் மெட்டின் கணக்கையும் தாமே இடட்டும். செலவு மிகுதியன்று; வேண்டுவது கைவேலையும் கல்வியே என ஒப்பும் மனம். பேராசிரியப் பெருமக்களும், இக்கல்லூரியிற் பயின்று இன்று நன்னிலையில் உள்ள பழைய மாணவர்களும் இதனைக் கருத்தூன்றி நோக்குவார்களாக.